பென்னாகரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை

"அமெரிக்கா எத்தனை கிலோமீட்டருங்க தம்பி?"

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் மெஷினும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக் கடை நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. பட்டா நகல் எடுக்க வந்தவரோ, ஆதாரில் போன் நம்பர் மாற்ற வந்தவரோ, வேலை முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இதைக் கேட்பார். அநேகமாக அறுபதைத் தாண்டியவர். மகள் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு கலிபோர்னியா போயிருப்பாள். இப்போது பிரசவத்துக்கு அம்மா போக வேண்டும். விசா வந்தாச்சு, பருப்புப் பொடி அரைச்சாச்சு. தூரம் மட்டும்தான் தெரியவில்லை.

கூகுளில் தட்டினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று வைத்து வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் பதினாறு. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கோட்டின் மேலே எந்த விமானமும் போவதில்லை. பென்னாகரத்து அம்மா ஒருவர் மகள் வீட்டு வாசலை மிதிக்க ஆகும் நேரத்துக்கும் அந்தப் பதினாறுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அதனால் தூரம் கேட்கிறவர்களிடம் நான் நேரத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 14,000 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்கா மேற்கே இருக்கிறது. அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், அப்புறம் அமெரிக்கா. ஆகவே விமானம் மேற்கு பார்த்துக் கிளம்பும் என்று நினைப்போம். பள்ளிக்கூடத்தில் உருண்டை பூகோளம் ஒன்று இருந்தால் அதன் மேல் ஒரு நூலை வைத்துப் பாருங்கள். ஒரு முனை பெங்களூரு, மறுமுனை சான் பிரான்சிஸ்கோ. நூலை இறுக்கி இழுத்தால் அது வடக்கே ஏறும். நேபாளம், திபெத், மங்கோலியாவின் மேற்கு, சைபீரியா, அதற்கப்பால் வடதுருவக் கடலின் ஓரம், பிறகு அலாஸ்கா வழியாக இறங்கி கலிபோர்னியா. இந்த நூலின் நீளம்தான் 14,000. உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி இல்லை.

பிறகு ஏன் அந்த வழியில் போவதில்லை? திபெத்தான் முதல் தடை. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று போய்விட்டால் தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி தொங்கும், தெரியும்தானே? பணிப்பெண் ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவது அதைத்தான். பயணிகளுக்கான அந்த ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் வரைதான் தாங்கும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு, அதாவது மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே சும்மாவே மூச்சு விடலாம். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே நாலரை கிலோமீட்டர். அங்கே மூன்று கிலோமீட்டருக்கு இறங்கினால் மலைக்குள்தான் இறங்க வேண்டும். ஆகவே பெரும்பாலான விமானங்கள் இமயத்தையும் திபெத்தையும் ஒதுக்கிவிட்டு வடமேற்கே போய் மத்திய ஆசியா வழியாக ஏறும். இல்லையென்றால் கிழக்கே வளைந்து பசிபிக்கைக் கடக்கும். எப்படிப் போனாலும் நூலைவிட வழி நீளம்.

எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருவுக்கும் நடுவே இடைநில்லா விமானத்தைத் தொடங்கியது. முதல் விமானத்தை ஓட்டியது கேப்டன் ஜோயா அகர்வால். கூட இருந்த விமானிகளும் பெண்களே: தன்மயி பாபகாரி, ஆகாங்ஷா சோனவானே, ஷிவானி மன்ஹாஸ். செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வடதுருவத்தின் மேலே பறந்து வந்தார்கள். ஜனவரி 9, சனிக்கிழமை இரவு எட்டரை மணி வாக்கில் அங்கே கிளம்பி, 11ஆம் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில் பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கினார்கள். காற்றில் இருந்தது சுமார் 17 மணி நேரம். பறந்த தூரம் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் என்றார்கள். நூல் சொல்வது 14,000, பறந்தது 16,000.

துருவத்தின் மேலே போவது கேட்க ஜோராக இருக்கும். ஆனால் விமானிகளுக்கு அங்கே வேறு கவலைகள் உண்டு. வெளியே குளிர் கடுமையாக இருக்கும், எரிபொருளே உறையும் பயம் உண்டு. நம் ஊர்களில் போடும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை தாங்கும். அமெரிக்காவில் போடும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே உறைய ஆரம்பிக்கும். அதனால் டாங்கியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும், தேவைப்பட்டால் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ சமாளிக்க வேண்டும். நடுவில் அவசரமாக இறங்க விமான நிலையங்களும் குறைவு. துருவப் பாதையில் போகும் விமானத்தில் ஊழியர்கள் வெளியே இறங்க நேர்ந்தால் போட்டுக்கொள்ளக் குளிர்தாங்கும் உடுப்பு குறைந்தது இரண்டு வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதியே இருக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 2023 ஜூன் மாதம் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் ஒன்று என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள். ஊர் சின்னது, தங்க இடம் போதவில்லை. இந்தியாவிலிருந்து இன்னொரு விமானம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சேர்த்தது. 16 மணி நேரப் பயணம் அவர்களுக்கு நாள் கணக்கில் போயிற்று.

இனி காற்று. எனக்கு இந்தப் பேச்சிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு வடக்கே இருக்கும் நாடுகளின் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டர், 200 கிலோமீட்டர், குளிர்காலத்தில் அதற்கு மேலும் போகும். விமானம் அதன் கூடப் போனால் அந்த வேகம் விமானத்தோடு சேரும், எதிரே போனால் கழியும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ ஜெட் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. சாதாரணமாக ஆறு, ஆறரை மணி நேரம் எடுக்கும் வழி அது. அதே வழியில் திரும்பிப் போனால் ஏழு, ஏழரை மணிகூட ஆகும்.

இதை நம் ஆட்களும் நன்றாகவே பயன்படுத்தினார்கள். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் ஒரு நாள் வழியை மாற்றிக் கிழக்கே திரும்பி பசிபிக் மேலே போனார்கள். தூரம் 15,300. அதாவது 1,400 கிலோமீட்டர் அதிகம். எடுத்த நேரம் பதினாலரை மணி, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு! தூரம் கூடியது, நேரம் குறைந்தது. பின்காற்று தள்ளிவிட்டது. திரும்பும்போது அட்லாண்டிக் பக்கமாக வந்தார்கள், அப்போதும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் வருகிறார்கள், அப்போதும் காற்று முதுகில். ஒரு விமானம் போய் வருவதற்குள் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டது. தூரத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதைச் சொல்லும்போது கடையில் யாராவது ஒருவர் குறுக்கே விழுவார்: "அது காத்து இல்லீங்க, பூமி சுத்துதுல்ல, அதான் ஒரு பக்கம் சீக்கிரமா வருது." ஏழாம் வகுப்பிலிருந்து நமக்குள்ளே உட்கார்ந்திருக்கும் எண்ணம். பூமி சுற்றும்போது அதைச் சுற்றியுள்ள காற்றும், காற்றில் இருக்கும் விமானமும் சேர்ந்தேதான் சுற்றுகின்றன. இல்லையென்றால் ஹெலிகாப்டரில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் பென்னாகரம் கீழே நழுவிப்போய் வேறு தேசம் வந்து நிற்க வேண்டுமே. பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது மேல்காற்றை மேற்கிலிருந்து கிழக்கே திருப்பிவிடுவதோடு சரி. விமானத்தைத் தள்ளுவது காற்றுதான்.

காற்றாவது தன் போக்கில் ஓடும், வானிலைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மனிதர்கள் மூடும் வழிதான் கணக்கில் அடங்காதது. ஏரியூர் பக்கம் ஒட்டனூர் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். எதிரே சேலம் மாவட்டத்துக் கோட்டையூர் கண்ணுக்குத் தெரியும். நடுவில் மேட்டூர் அணையின் தண்ணீர். படகோ பரிசலோ ஓடினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. ஓடவில்லையென்றால் மேட்டூர் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் அங்கே பாலம் வேண்டும் என்று இரண்டு கரையும் இத்தனை காலம் கேட்டது. இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரம் அதேதான், திறந்திருக்கும் வழி எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வானத்திலும் அப்படியே. 2019 பிப்ரவரியில் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது, ஜூலை வரை திறக்கவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. வடஇந்தியாவிலிருந்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் போகும் நம் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடிவிட்டது. இந்திய விமானங்களுக்கு மூடவில்லை. சைபீரியாவின் மேலே ஏர் இந்தியா போகலாம், அமெரிக்கக் கம்பெனி போக முடியாது. அதே இரண்டு ஊர்தான். ஆனால் விமானத்தின் வாலில் எந்த நாட்டுக் கொடி என்பதைப் பொறுத்து நேரம் மாறுகிறது.

நம் தாலூகாவுக்கு இது புரியாத விஷயமில்லை. பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய விடுதலைப் போராட்ட வீரர் சுப்ரமணிய சிவாவை, தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. தண்டவாளம் இருந்தது, வண்டியும் ஓடியது. அவருக்கு மட்டும் வழி இல்லை. புண்ணான கால்களோடு ஊர் ஊராக நடந்தே பிரச்சாரம் செய்தார். அவர் நடந்த தூரங்களை ரயில்வே அட்டவணையில் பார்த்து நேரம் கணக்கிட முடியுமா?

சரி, விமானத்துக்குத் திரும்புவோம். "நேரா போற பிளேன்லயே போட்டுடு தம்பி, நடுவுல எறங்கி ஏற வேணாம்" என்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் நேர் விமானம் என்பது கம்பெனிக்குக் கஷ்டமான வியாபாரம். அந்த முதல் பெங்களூரு விமானம் போயிங் 777-200 எல்ஆர் வகை. அதன் டாங்கியை நிரப்பினால் 1,81,000 லிட்டர், எடை கிட்டத்தட்ட 145 டன். பதினாறாவது மணி நேரத்தில் எரிக்கப் போகும் எண்ணெயைப் பதினைந்து மணி நேரம் சுமந்துகொண்டு போக வேண்டும், அதைச் சுமக்கவே தனியாக எண்ணெய் செலவாகும். போதாததற்குப் பெங்களூரு விமான நிலையம் கடல்மட்டத்துக்கு 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கொஞ்சம் மெல்லியது, முழுப் பாரத்தோடு மேலே எழும்புவது சென்னையைவிடக் கடினம். உலகத்திலேயே மிக நீண்ட பயணிகள் விமானப் பயணம் சிங்கப்பூர்–நியூயார்க், 15,300 கிலோமீட்டர், பதினெட்டரை மணி நேரத்துக்குப் பக்கம். அதற்கென்றே செய்த ஏர்பஸ் விமானத்தில் 161 இருக்கைகள்தான், நாமெல்லாம் வாங்கும் சாதாரண வகுப்பு டிக்கெட்டே அதில் கிடையாது.

ஆகவே நேர் விமானங்கள் வரும், நிற்கும், மறுபடி வரும். பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ சேவையையே நடுவில் நிறுத்தி 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கினார்கள். டிக்கெட் எடுக்கும் நாளில் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இறங்கி ஏறுவது ஒன்றும் புதிதும் இல்லை. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் முதல் வெளிநாட்டு விமானம் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து லண்டன் கிளம்பியபோது கெய்ரோவிலும் ஜெனிவாவிலும் நின்றுதான் போனது.

மாறிப் போகும் வழிகளில் நம்மவர்கள் அதிகம் எடுப்பவை மூன்று. துபாய் வழியாகப் போனால் முதலில் 2,700, பிறகு 13,000, ஆக மொத்தம் 15,700 கிலோமீட்டர். பிராங்க்பர்ட் வழியாக 7,400-உம் 9,150-உம் சேர்ந்து 16,550. சிங்கப்பூர் வழியாக 3,200-உம் 13,600-உம், மொத்தம் 16,800. தூரத்தை வைத்துப் பார்த்தால் துபாய்தான் கெட்டிக்காரத்தனம், சிங்கப்பூர் கிழக்கே போய்ச் சுற்றும் வேலை. நேரத்தை வைத்துப் பார்த்தால் கதை வேறு. சிங்கப்பூரிலிருந்து பசிபிக்கைக் கடக்கும்போது பின்காற்று கிடைக்கும், ஆகவே சிங்கப்பூர் வழி பல நாட்களில் துபாய் வழிக்குச் சமமாகவோ அதற்கு முன்னாலேயோ சேர்த்துவிடும். என்னைக் கேட்டால், வயதானவர்களுக்குப் பிராங்க்பர்ட் வழி உடம்புக்கு நல்லது. பத்து மணி, பதினொன்றரை மணி என்று பயணம் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிகிறது. துபாய் வழியில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறிப் பதினாறு மணி நேரம் உட்கார வேண்டும். முட்டிவலிக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போன் வரும். கலிபோர்னியா நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை, ஏனென்றால் அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். இதனால் நேர் விமானத்தில் மதியம் பெங்களூருவில் ஏறினால் அதே நாள் சாயங்காலம் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கலாம். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு "மூணு மணி நேரந்தானா!" என்று ஒரு பெரியவர் சந்தோஷப்பட்டார். திரும்பி வரும்போது கடிகாரம் இதற்குப் பழி தீர்த்துக்கொள்ளும். மேலே சொன்ன முதல் விமானத்தையே பாருங்கள்: சனிக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கட்கிழமை விடிகாலை வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே? வானத்திலேயே கரைந்துபோயிற்று. அந்த வாரத்துக் கறிக்குழம்பும் அதோடு போச்சு. விரதம் பிடிக்கும் அம்மாக்கள் கிருத்திகையை எந்த ஊர் நேரத்தில் வைப்பது என்று கேட்பார்கள். அதற்கு நான் கோயில் குருக்களைக் கைகாட்டிவிடுவேன்.

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் விமானம் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு நடப்பது. நம் ஆட்களை உண்மையில் களைக்கவைப்பது அதற்கு முன்னால் உள்ள 200 கிலோமீட்டர்.

பென்னாகரத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் வான்வழியில் 120 கிலோமீட்டர்தான். சாலை வழியில் ஏறக்குறைய 200. தர்மபுரி போய், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பெரிய ரோட்டில் போகலாம். இல்லை, பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூரில் ஏறலாம். ஓசூர் வரை எந்த வழியும் சிரமமில்லை. அத்திப்பள்ளி தாண்டியதும் ஆரம்பிக்கும். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, அப்புறம் ஊருக்குள் புகுந்து ஹெப்பாள். ஊரின் தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேற வேண்டும், ஏனென்றால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம். 2008 மே மாதம் வரை விமான நிலையம் எச்ஏஎல்லில், ஊருக்குள்ளேயே இருந்தது. அப்போது நமக்கு அது எவ்வளவோ பக்கம். இப்போது காரில் ஐந்து மணி நேரம், சாயங்கால நேரத்தில் மாட்டினால் ஆறுக்கு மேல். பஸ்ஸில் ஓசூர் போய் இறங்கி, அங்கிருந்து பெங்களூரு போய், வாயு வஜ்ரா பஸ் பிடித்தால் இன்னும் கூடும். விமானம் அந்த 200 கிலோமீட்டரைக் கால் மணி நேரத்துக்குள் தாண்டிவிடும் என்பதை நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

"சேலத்துல ஏறிக்கலாமே?" என்றும் கேட்கிறார்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் பல தடவை திறந்து பல தடவை தூங்கியது, 2023 அக்டோபரில் உடான் திட்டத்தில் மறுபடி விமானங்கள் வந்தன. தொப்பூர் கணவாய் வழியாகப் போனால் பக்கம்தான். ஆனால் அங்கிருந்து கிளம்பும் சின்ன விமானத்தின் நேரமும் நீங்கள் மாறி ஏற வேண்டிய பெரிய விமானத்தின் நேரமும் பொருந்த வேண்டும், இரண்டும் ஒரே டிக்கெட்டில் வர வேண்டும். பொருந்தாதபோது சேலத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொரு ஊரில் நாற்காலியில் உட்கார்ந்து செலவழிப்பீர்கள்.

எனக்கு ஆர்வமாக இருப்பது ஓசூர். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். அது வந்தால் நமக்கு சில்க் போர்டும் ஹெப்பாளும் மிச்சம், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் குறையும். எந்த ஜெட் என்ஜினாலும் பென்னாகரத்துக்காரனுக்கு அவ்வளவு நேரம் மிச்சம்பிடித்துத் தர முடியாது. ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்கு மத்திய அரசு கொடுத்த ஒப்பந்தத்தில், அது திறந்த நாளிலிருந்து 25 வருடத்துக்கு, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் வரக் கூடாது என்று இருக்கிறது. ஓசூர் அந்த வட்டத்துக்குள் நன்றாக உள்ளே. கட்டி முடிக்கவே அத்தனை வருடம் ஆகும் என்பதால் இப்போதே நிலம் எடுத்து வேலையைத் தொடங்குவதில் தப்பில்லை என்பது என் கட்சி. எங்கள் பகுதி எம்எல்ஏவும் எம்பியும் இதை விடாமல் கேட்க வேண்டும்.

ஆக, இப்போதைக்கு வாசல்படிக் கணக்கு இதுதான். வீட்டிலிருந்து விமான நிலையம் ஐந்தரை மணி. செக்-இன், குடியுரிமைச் சோதனை, காத்திருப்பு மூன்றரை மணி. நேர் விமானம் கிடைத்தால் பதினாறு, பதினேழு. அங்கே இறங்கி இமிகிரேஷன் வரிசை, பெட்டி, பிறகு சன்னிவேலோ சான் ஹோசேவோ போகக் கார், எல்லாம் சேர்ந்து இரண்டரை. மொத்தம் இருபத்தெட்டு மணி நேரம். ஒரு இடத்தில் மாறிப் போனால் முப்பத்தைந்து. இரண்டு இடத்தில் மாறினால் நாற்பதைத் தொடும். அம்மா "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கும்போது அவர் தெரிந்துகொள்ள நினைப்பது இந்த இருபத்தெட்டா, முப்பத்தைந்தா, நாற்பதா என்பதைத்தான். அத்தனை மணி நேரத்துக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும், அத்தனை மணி நேரம் வீங்கிய காலோடு உட்கார வேண்டும்.

அதனால் அங்கே உட்கார்ந்துகொண்டு பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இதைப் படிப்பவர்களில் உங்களைப் போன்றவர்கள்தான் அதிகம் என்று தெரியும். விலை வரிசையில் முதலில் வரும் டிக்கெட்டை அழுத்தாதீர்கள், மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். நூறு டாலர் மிச்சத்துக்காக ஆங்கிலம் தெரியாத அம்மாவை இரண்டு நாட்டில் இறக்கி ஏற்றாதீர்கள். ஒரே இடத்தில் மாறும்படி போடுங்கள், மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள், அந்த நாட்டில் ட்ரான்சிட் விசா வேண்டுமா என்று முன்கூட்டியே பாருங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுக்காதீர்கள்: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யுங்கள், அதற்குக் காசு கிடையாது, நடக்க முடிகிறவர்களுக்கும் வழிகாட்ட ஒரு ஆள் கூடவே வருவார். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். விமானத்தில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், கால் நரம்பில் ரத்தம் கட்டாமல் இருக்க அதுதான் வழி.

கிளம்பும் நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருப்பதைச் சொல்லாமல், பென்னாகரத்தில் எத்தனை மணிக்குக் கார் ஏற வேண்டும் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். மதியம் இரண்டரை மணி விமானத்துக்கு இங்கே விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் ஏறிவிட வேண்டும்.